காசிக்குச் செல்லும் குடும்பம் எங்கே பணத்தை இழக்கிறது?

கேள்வி: நான் கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. வரும் தை மாதம் நானும் என் கணவரும் 78 வயதான என் மாமியாரும் ஐந்து நாள் பயணமாகக் காசிக்குச் செல்ல எண்ணியிருக்கிறோம். மாமனாருக்கு வருஷாப்திகம் (முதலாண்டு நிறைவுச் சடங்கு) முடிந்துவிட்டதால் பிரயாகை, காசி, கயை மூன்றிலும் செய்ய வேண்டியவற்றைச் செய்துவிட விரும்புகிறோம். சென்ற ஆண்டு சென்று வந்த எங்கள் பக்கத்து வீட்டார், போட்ட கணக்கைப் போல் இருமடங்கு செலவானதாகவும், பட்டு என்று வாங்கிய புடவை பட்டே இல்லை என்றும் சொல்கிறார்கள். சாமி பெயரையும் பித்ருக்கள் பெயரையும் சொல்லிக் கேட்கும்போது மறுப்பது பாவமாகாதா? யாரை நம்புவது? சுற்றுலா நிறுவனத்தாரோடு செல்வது நல்லதா, நாங்களே செல்வது நல்லதா?

பதில்:

அன்புள்ள அம்மா,

தமிழ்நாட்டிலிருந்து காசிக்கு யாத்திரைக் குழுக்களை அழைத்துச் செல்வது என் தொழில். புறப்படும் குடும்பங்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் விலையைப் பற்றியதாக இருக்கும். நீங்கள் பாவத்தைப் பற்றிக் கேட்டிருப்பதால், அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். மறுப்பது பாவமாகாது. காசியில் நம்மவர் இழக்கும் பணத்தில் பெரும்பகுதி இந்த அச்சத்தினால்தான் போகிறது. கங்கையில் நீராட யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. விசுவநாதர், அன்னபூரணி, விசாலாட்சி, காலபைரவர் ஆகிய சன்னிதிகளில் பொது வரிசையில் நின்று வழிபடவும், மாலையில் தசாசுவமேத கட்டத்தில் (படித்துறையில்) நடக்கும் கங்கா ஆரத்தியைப் படியில் அமர்ந்து பார்க்கவும் கட்டணம் கிடையாது. காசியின் தலையாயவை அனைத்தும் இலவசமாகவே இருக்க, அவற்றுக்கும் நமக்கும் நடுவில் வந்து நிற்பவருக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். அவர்களில் சிலர் நமக்கு உண்மையில் தேவையானவர்கள். அவர்களுக்கு உரிய சன்மானத்தை மனநிறைவோடு கொடுக்க வேண்டும். யார் தேவை என்பதை வீட்டிலேயே தீர்மானித்துவிட்டு, அவர்களிடம் தொகையையும் முன்னதாகவே பேசி முடித்துக்கொண்டு செல்வதுதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே பாதுகாப்பு.

உங்கள் பயணத்தில் மிகப்பெரிய செலவு முன்னோருக்குச் செய்யும் சிராத்த காரியங்களாக இருக்கும் என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன். காசியில் அனுமான் கட்டம், கேதார் கட்டம் பகுதிகளில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வசிக்கின்றன. நம் வழக்கப்படி காரியம் செய்து வைக்கும் வாத்தியார்களும், அதாவது புரோகிதர்களும், அங்கேயே இருக்கிறார்கள். உங்கள் ஊர் குடும்ப வாத்தியாரைக் கேட்டால், அங்கு யாரையாவது அவர் அறிந்திருப்பார். அப்படி ஒரு தொடர்பு இல்லாமல் ரயில் நிலையத்திலோ படித்துறையிலோ அறிமுகமாகிறவரிடம் காரியத்தை ஒப்படைக்காதீர்கள்.

தொலைபேசியில் பேசும்போது "மொத்தம் எவ்வளவு ஆகும்" என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ள வேண்டாம், அம்மா. அந்தத் தொகையில் ஹோமச் சாமான்கள், பிண்டத்துக்கான பொருள்கள், பிராமண போஜனம், உடன் வருபவர்களின் தட்சிணை, நாவிதருக்குக் கொடுப்பது, படகுக்கூலி ஆகியவை அடங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். காசியில் அசி, தசாசுவமேதம், மணிகர்ணிகை, பஞ்சகங்கை, வருணா சங்கமம் என்னும் ஐந்து தீர்த்தங்களிலும் பிண்டம் போடும் பஞ்ச தீர்த்த சிராத்தத்தைப் படகிலேயே சென்று செய்வது வழக்கம். அப்போது கங்கைக் கரை முழுவதையும் நீரிலிருந்தே பார்த்துவிடுவீர்கள். பிறகு சுற்றிப் பார்ப்பதற்கென்று இன்னொரு படகை அமர்த்த வேண்டிய அவசியம் இருக்காது. பல குடும்பங்கள் இதை அறியாமல் இருமுறை செலவு செய்கின்றன. தானங்களையும் முன்பே பேசிவிடுங்கள். கோதானம், தம்பதி பூஜை, வஸ்திர தானம் போன்றவை காரியத்தின் நடுவில் ஒவ்வொன்றாக முன்வைக்கப்படும்போது, தர்ப்பைப் பவித்திரம் அணிந்து அமர்ந்திருக்கும் ஒருவரால் பேரம் பேசவும் முடியாது, மறுக்கவும் மனம் வராது. எவற்றைச் செய்யப்போகிறீர்கள், எவ்வளவில் செய்யப்போகிறீர்கள் என்று முன்னரே சொல்லிவிட்டால், நல்ல வாத்தியார் அதற்கேற்பவே நடத்தி வைப்பார்.

"உங்கள் இஷ்டம்" என்ற விடையை மட்டும் எங்கும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். கேட்கும்போது கனிவாகத் தோன்றும் இந்தச் சொல், காரியம் முடிந்த பிறகு நீங்கள் கொடுக்கும் எந்தத் தொகையையும் குறைவாக்கிவிடும். தொகை சொல்ல மறுப்பவரிடம், "நாங்கள் நினைத்திருப்பது இவ்வளவு, உங்களுக்குச் சம்மதமா" என்று நீங்களே சொல்லிச் சம்மதம் பெற்ற பிறகே அமருங்கள். சிறு கோயில்களிலும் படித்துறைகளிலும், நீங்கள் கேட்காமலேயே ஒருவர் கையில் பூவையும் நீரையும் வைத்துக் கோத்திரம் கேட்டுச் சங்கல்பம் சொல்லத் தொடங்கி, முடிவில் ஆயிரக்கணக்கில் ஒரு தொகையைச் சொல்லுவார். கோத்திரத்தைச் சொல்லாமல் வணங்கிவிட்டு நகர்ந்தால் அது அங்கேயே முடிந்துவிடும்.

கயையிலும் இதே நடைமுறைதான். ஆனால் அங்கு விஷ்ணுபாதக் கோயிலிலும் பல்குனி நதியிலும் அட்சயவடம் என்னும் ஆலமரத்தடியிலும் காரியம் நடத்தும் உரிமை பரம்பரையாகக் கயாவாள் பண்டாக்கள் எனப்படும் அவ்வூர்ப் புரோகிதர்களிடம் இருப்பதால், காசி வாத்தியார் வழியாகவே கயைக்கான ஏற்பாட்டையும் செய்துகொண்டு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசுவது நல்லது. அட்சயவடத்தின் கீழ், முன்னோர் நிறைவடைந்தனர் என்று பண்டா "திருப்தி" சொல்வதற்கென்று தனியாகக் கேட்கப்படும் தட்சிணையும் அந்தத் தொகையில் அடங்குமா என்பதை மறக்காமல் கேளுங்கள். உங்கள் பக்கத்து வீட்டாரின் கணக்கு இருமடங்கானது இந்த இடத்திலாகவும் இருக்கலாம்.

அடுத்தது நாள் கணக்கு. ஐந்து நாளில் மூன்று தலங்கள் என்பது, அதுவும் 78 வயதானவரோடு, மிகவும் நெருக்கமான திட்டம். காசியிலிருந்து பிரயாகை ஏறத்தாழ 125 கிலோமீட்டர், கயை ஏறத்தாழ 250 கிலோமீட்டர். அவசரத்தில் இருக்கும் குடும்பம் எதையும் விசாரிப்பதில்லை, கேட்டதைக் கொடுத்துவிட்டு நகர்கிறது. ஏழு நாளாக நீட்டினால் இரண்டு நாள் அறை வாடகை கூடும்; மொத்தச் செலவு குறையவே வாய்ப்பு அதிகம். தை மாதத்தையும் மறுபரிசீலனை செய்யுங்கள். மகர சங்கராந்தியும் தை அமாவாசையும் வரும் அந்நாட்களில் பிரயாகையில் மாக மேளா நடக்கிறது. அங்கே நீராடும் கூட்டத்தின் ஒரு பகுதி காசிக்கும் வந்து சேரும். அறை, வாடகைக் கார், படகு எல்லாமே விலையேறும். வடநாட்டு மூடுபனியால் ரயில்களும் தாமதமாகும். கயையில் எந்நாளும் சிராத்தம் செய்யலாம் என்பதே மரபு. ஆகவே மகா சிவராத்திரி முடிந்து, ஹோலியையும் தவிர்த்து, வெயில் முற்றும் முன் செல்வது உங்கள் மாமியாரின் உடலுக்கும் உங்கள் பணத்துக்கும் நல்லது. கார்த்திகைப் பௌர்ணமியில் வரும் தேவ தீபாவளியைப் பார்க்கச் சொல்லி யாரேனும் ஆசை காட்டினாலும், அந்த வாரத்தில் காசியில் எதுவும் இயல்பான விலையில் கிடைக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

தங்குவதற்கு நட்சத்திர விடுதியைத் தேட வேண்டாம். நகரின் நடுவில் உள்ள கோதோலியா சந்திப்பு அருகே நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கிறது. கேதார் கட்டத்தில், 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் நிறுவிய குமாரசாமி மடம் இருக்கிறது. அனுமான் கட்டத்தில் காஞ்சி மடத்தின் கிளை இருக்கிறது. இவற்றின் விதிகளும் இட வசதியும் வேறுபடும். புறப்படுவதற்கு முன்னரே தொடர்புகொண்டு, இடம் உறுதியான பிறகே பயணச்சீட்டு எடுங்கள். இவை கிடைக்காவிட்டால் கோதோலியாவுக்கும் அனுமான் கட்டத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் எளிய விடுதி ஒன்றைப் பாருங்கள். ரயில் நிலையத்தருகே மலிவாகக் கிடைக்கும் அறையில் மிச்சமாகும் பணம், நாள்தோறும் படித்துறைக்குச் சென்று வரும் வண்டிக்கூலியிலேயே கரைந்துவிடும். படித்துறையையே பார்த்திருக்கும் அறைகளோ விலையும் அதிகம், ஏற வேண்டிய படிகளும் அதிகம். உங்கள் மாமியாருக்கு அவை ஏற்றவையல்ல.

வந்திறங்கும் நேரத்தில்தான் முதல் இழப்பு நேர்கிறது. உங்கள் ரயில் வாராணசி சந்திப்புக்கு வருகிறதா, பனாரஸ் நிலையத்துக்கா, அல்லது கங்கைக்கு அப்பால் உள்ள, முன்பு முகல்சராய் என்று அழைக்கப்பட்ட தீனதயாள் உபாத்தியாயா சந்திப்புக்கா என்பதைச் சீட்டு எடுக்கும்போதே பாருங்கள். கடைசியாகச் சொன்னது நகரிலிருந்து வெகு தூரம். "நீங்கள் சொல்லும் சத்திரம் மூடிவிட்டார்கள், வேறு நல்ல இடம் இருக்கிறது" என்று சொல்லும் ஓட்டுநர் வண்டியில் ஏறாதீர்கள். அவர் காட்டும் விடுதியின் வாடகையில் அவருடைய தரகும் சேர்ந்திருக்கும். செயலி வழியாக அழைக்கும் கார்கள் காசியிலும் உண்டு. கோதோலியாவுக்கு அப்பால் தசாசுவமேத கட்டம் வரை பெரும்பாலும் நடந்தே செல்ல வேண்டியிருக்கும் என்பதால், "வாசல் வரை கொண்டு விடுகிறேன்" என்ற வாக்குறுதிக்காகக் கூடுதல் தொகை ஒப்புக்கொள்ள வேண்டாம்.

விசுவநாதர் கோயிலுக்கு வழிகாட்டி தேவையில்லை. முன்பு சென்று வந்தவர்கள் குறுகிய சந்துகளில் வழி தவறும் என்று சொல்லியிருப்பார்கள். 2021 டிசம்பர் 13 அன்று திறக்கப்பட்ட புதிய வளாகம் வந்த பிறகு, லலிதா கட்டத்திலிருந்து நேரே கோயில் வரை விரிந்த வழி இருக்கிறது. இப்போதைய கோயிலைக் கட்டியவர் இந்தூர் அரசி அகல்யாபாய் ஹோல்கர் என்பதையும், அது 1780இல் எழுந்தது என்பதையும் நீங்கள் அறிந்திருந்தால் போதும். வாயிலில் நிற்கும் வழிகாட்டி இதற்கு மேல் பெரிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. கைப்பேசி, கைப்பை முதலியவற்றை உள்ளே அனுமதிப்பதில்லை. வழியில் உள்ள கடைக்காரர்கள் பெட்டகம் இலவசம் என்று அழைத்து, பிறகு பூவும் பிரசாதமும் அடங்கிய தட்டைச் சொன்ன விலைக்கு வாங்க வைப்பார்கள். கைப்பேசியை அறையிலேயே விட்டுவிட்டுச் செல்வதுதான் எளிது.

சிறப்பு வழியில் உடனே தரிசனம் செய்து வைப்பதாகச் சொல்லும் இடைத்தரகர் எவருக்கும் பணம் கொடுக்காதீர்கள். விரைவு தரிசனத்துக்குக் கோயில் அறக்கட்டளையே சீட்டு வழங்குகிறது. அதன் விலை அண்மை ஆண்டுகளில் ஒருவருக்கு 300 ரூபாய் அளவில் இருந்திருக்கிறது. அறக்கட்டளையின் இணையதளத்தில் அன்றைய விலையைப் பார்த்து நேரடியாக வாங்குங்கள். நீங்களும் உங்கள் கணவரும் பொது வரிசையில் நிற்க முடியும் என்றாலும், உங்கள் மாமியாருக்காக மூவருமே இந்தச் சீட்டை எடுப்பது வீண்செலவு ஆகாது. வளாகத்தில் சக்கர நாற்காலி வசதி பற்றியும் அலுவலக உதவி மையத்திலேயே விசாரியுங்கள். நகரத்தார் சத்திரத்திலிருந்து பூசைப் பொருள்களைச் சுமந்துகொண்டு "சம்போ" என்று முழங்கியபடி நாள்தோறும் விசுவநாதர் கோயிலுக்குச் செல்வார்கள். தலைமுறைகளாக நடந்துவரும் அந்தக் காட்சியைத் தெருவில் நின்றே பார்க்கலாம். காசிக்கு வந்த தமிழர் எவரும் அதைத் தவறவிடக்கூடாது என்று நான் எப்போதும் வற்புறுத்துவேன்.

ஆரத்தி நேரத்தில் படகிலும் மாடியிலும் நாற்காலியிலும் இடம் விற்பவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். ஒரு மணி நேரம் முன்னதாகச் சென்றால் படியிலேயே நல்ல இடம் கிடைக்கும். முழங்கால் வலியால் உங்கள் மாமியாரால் படியில் அமர முடியாவிட்டால், படகில் ஓர் இடம் எடுப்பது நியாயமான செலவு. எந்தப் படகில் ஏறினாலும் விலை ஆளுக்கா, படகு முழுவதற்குமா, எவ்வளவு நேரம், ஏறிய இடத்திலேயே கொண்டுவந்து விடுவாரா என்ற நான்கையும் கரையிலேயே கேட்டுவிடுங்கள். நடு ஆற்றில் கேட்கும் கேள்விக்குப் படகோட்டி சொல்வதுதான் விடை.

மணிகர்ணிகையைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே எரியும் சிதைகளைப் பார்த்து நிற்கும்போது, மரணத்தை எதிர்நோக்கியிருக்கும் ஏழைகளுக்குத் தொண்டு செய்பவர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் அருகில் வருவார். ஒரு சிதைக்கு எத்தனை கிலோ விறகு வேண்டும், ஒரு கிலோ என்ன விலை என்று கணக்குச் சொல்லி, ஓர் ஏழையின் தகனத்துக்கு உங்கள் குடும்பத்தின் பெயரால் விறகு வாங்கித் தரும்படி கேட்பார். அண்மையில் குடும்பத்தில் ஒருவரை இழந்தவர்களால் இதை மறுக்கவே முடிவதில்லை. அந்தப் பணம் விறகாக மாறும் என்பதற்கு உங்களிடம் எந்த உறுதியும் இராது. மனம் இளகினால் அந்தத் தொகையை அன்னதானம் நடத்தும் ஒரு நிறுவனத்தில் ரசீது பெற்றுக்கொண்டு கொடுங்கள். அங்கு படம் எடுக்கவும் கூடாது. அது துக்கத்தில் இருப்பவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு என்பது முதற்காரணம், அதையே சாக்காக வைத்து அபராதம் கேட்டு மிரட்டுகிறவர்கள் உண்டு என்பது அடுத்தது.

இனிப் புடவை. திருபுவனம் பட்டுக்கு அருகிலேயே வாழ்கிற உங்களுக்கு நூலைத் தொட்டு அறியும் பழக்கம் இருக்கும். அதைக் காசியில் கைவிட்டுவிடாதீர்கள். பனாரஸ் புடவைக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் சூரத் போன்ற ஊர்களின் விசைத்தறிகளில் செயற்கை இழையால் நெய்யப்பட்ட புடவைகளும் அதே பெயரில் காசிக் கடைகளிலேயே விற்பனையாகின்றன. ஆட்டோ ஓட்டுநரோ படகோட்டியோ "நெசவாளர் வீட்டுக்கே அழைத்துப் போகிறேன்" என்று சொன்னால், அது பெரும்பாலும் வாசலில் ஒரு தறியை வைத்திருக்கும் கடையாகத்தான் இருக்கும். அழைத்துச் சென்றவரின் தரகு புடவையின் விலையில் சேர்ந்துவிடும். முதல் நாளே வாங்காதீர்கள். படா லால்பூரில் உள்ள தீனதயாள் கைவினை வளாகத்தின் அருங்காட்சியகத்துக்குச் சென்று உண்மையான நெசவு எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு, பிறகு சௌக் பகுதியில் குஞ்ச் கலியின் கடைகளில் விலை விசாரியுங்கள்.

புடவையை எடுத்தவுடன் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். "கடுவா" என்னும் முறையில் ஒவ்வொரு பூவும் தனித்தனியே நெய்யப்படுவதால், பின்புறத்தில் பூவுக்குப் பூ நீண்டு ஓடும் இழைகள் இரா. அதற்கு நாள் அதிகம் பிடிக்கும், விலையும் அதிகம். மற்ற முறைகளில் ஓடும் இழைகளைப் பின்னர் கத்தரித்திருப்பார்கள். கடுவா என்று சொல்லி, கத்தரித்த புடவையைக் காட்டினால் அந்தக் கடையில் வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை. கைத்தறிப் புடவையின் இரு ஓரங்களிலும், துணியை விரித்துப் பிடிக்கும் கட்டையின் ஊசித்துளைகள் வரிசையாகத் தெரியும். முந்தானை நுனியிலிருந்து ஓர் இழையைக் கேட்டு வாங்கி எரித்தால், பட்டு முடி கருகும் மணத்தோடு எரிந்து, விரலில் பொடியாகும் சாம்பலைத் தரும். செயற்கை இழை உருகிக் கெட்டியான உருண்டையாகும். பட்டு முத்திரையும் கைத்தறி முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். விற்பனை ரசீதில் "தூய பட்டு, கைத்தறி" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இதற்குத் தயங்கும் கடைக்காரரிடம் எவ்வளவு தள்ளுபடி கிடைத்தாலும் வாங்காதீர்கள். அனைத்துக்கும் மேலாக, ஒரு நெசவாளர் பல நாள் அமர்ந்து நெய்த பட்டுப் புடவை மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்காது. போலியை வாங்கும்போது நாம் மட்டும் ஏமாறுவதில்லை, மதன்புராவிலும் அலைபுராவிலும் தறியில் உட்கார்ந்திருப்பவரின் கூலியும் அதனால்தான் குறைகிறது.

ஏகமுக உருத்திராட்சம், இரத்தினக் கற்கள், பெரிய ஸ்படிக லிங்கம் ஆகியவற்றைத் தெருவிலும் கோயில் வாசலிலும் வாங்கவே வேண்டாம். அவற்றைச் சரிபார்க்க நம்மிடம் வழியில்லை. காசிக் கயிறும், கங்கை நீர் அடைத்த சிறு செப்புச் சொம்பும், அன்னபூரணி விக்கிரகமும் உறவினர்களுக்குக் கொடுக்கப் போதும். சொம்புகளை மொத்தமாக வாங்கும்போது இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள்.

காரியங்களுக்கு இடையே கிடைக்கும் அரை நாளில் சாரநாத் செல்லுங்கள். நகரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். தொல்லியல் வளாகத்துக்கு 25 ரூபாய், அருங்காட்சியகத்துக்கு 5 ரூபாய் என்ற அளவில்தான் நம் நாட்டவருக்குக் கட்டணம். நம் அரசு முத்திரைக்கு மூலமான, அசோகர் தூணின் சிங்கத் தலைப்பகுதி அங்கேதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அனுமான் கட்டத்தில் நீங்கள் காரியம் செய்யும் இடத்துக்கு அருகிலேயே, பாரதியார் இளமையில் அத்தை வீட்டில் தங்கிப் படித்த சிவமடம் இருக்கிறது; அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

நிறுவனத்தாரோடு செல்வதா என்ற கேள்விக்கு, அதே தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன்: காசியில் ஒரு வாத்தியார் ஏற்பாடாகி, சத்திரத்தில் இடமும் உறுதியானால், உங்கள் மூவருக்கும் குழுப்பயணம் தேவையில்லை. நாற்பது பேரோடு ஓட வேண்டிய வேகத்துக்கு உங்கள் மாமியாரால் ஈடுகொடுக்க முடியாது. வாத்தியார் ஏற்பாடாகவில்லை என்றால் குழுவோடு செல்லுங்கள். ஆனால் விளம்பரத்தில் காணும் தொகையில் சிராத்தச் செலவு, படகு, கயையில் உள்ளூர் வண்டி ஆகியவை "தனி" என்று சிறிய எழுத்தில் இருக்கிறதா எனப் படித்துப் பாருங்கள். தனியே கயைக்குக் காரில் செல்வதானால் கிலோமீட்டர் கட்டணத்தோடு ஒரு நாளின் குறைந்தபட்ச தூரம், ஓட்டுநர் பேட்டா, சுங்கக் கட்டணம், உத்தரப் பிரதேசத்திலிருந்து பீகாருக்குள் நுழையும் எல்லை வரி ஆகியவை யாருடைய பொறுப்பு என்பதை முன்பே எழுதி வாங்குங்கள்.

பணத்தை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளாமல், வாத்தியாருக்குப் பேசிய தொகையைத் தனி உறையில் வீட்டிலேயே எடுத்து வையுங்கள். பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்கள் நிறைய இருக்கட்டும். 500 ரூபாய்த் தாளைக் கொடுத்து மீதி கேட்கும் இடங்களில்தான் வாக்குவாதம் வருகிறது. இப்போதே நீங்கள் செய்யத் தொடங்க வேண்டியது ஒன்று: உங்கள் கணவர் வழியிலும் அவருடைய தாய் வழியிலும் மூன்று தலைமுறைப் பெயர்களையும், கோத்திரத்தையும், கயையில் பிண்டம் கொடுக்க வேண்டிய மற்ற உறவினர்களின் பெயர்களையும் மாமியாரிடம் கேட்டு எழுதிவிடுங்கள். அந்தப் பட்டியலை வாத்தியாருக்கு அனுப்பும்போதே, அவர் சொன்ன தொகையையும் அதில் அடங்கியவற்றையும் அதே செய்தியில் எழுதி, "இப்படித்தானே பேசினோம்" என்று கேட்டு அவருடைய பதிலைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.